ஆம்புலன்ஸில் டீசல் வாடை: கம்பெனி ஒர்க்‌ஷாப்பா, பம்ப் கடையா, சொந்த ஷெட்டா?

திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நோயாளியை இறக்கிவிட்டுத் தென்காசிக்குத் திரும்பிய டிரைவர் தம்பி, சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, வண்டிக்குள்ள டீசல் வாடை குடலைப் புரட்டுது. ஆலங்குளம் தாண்டினதும் கூட வந்த அம்மா வாந்தி எடுத்துட்டாவ."

டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. மறுநாள் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். இரண்டு நாள் கழித்து, "ஸ்கேனர் போட்டுப் பார்த்தாச்சு, வண்டி கம்ப்யூட்டரில் எரர் எதுவும் இல்லை" என்று எஞ்சினைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். கழுவிய புண்ணியத்தில் மூன்று நாள் வாடை இல்லை. நாலாம் நாள் திரும்ப வந்தது. பிறகு டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பழுது பார்க்கும் ஒரு பம்ப் கடைக்குப் போனோம். அவர் எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டதுமே சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றச் சொன்னார். கடைசியில் எங்கள் ஷெட்டில், ஒரு டிஷ்யூ பேப்பர் ரோலை வைத்துக் கண்டுபிடித்தோம். எஞ்சினைக் காயத் துடைத்துவிட்டு, டீசல் போகும் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சுற்று டிஷ்யூவைச் சுற்றி, கால் மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டோம். மூன்றாவது இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டன் ஹோஸ் வளையும் இடத்தில் மட்டும் டிஷ்யூ பழுப்பாக நனைந்திருந்தது. சூட்டில் ரப்பர் விறைத்து, நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதில் இருந்து டீசல் சொட்டவில்லை, வியர்த்தது. வியர்த்ததும் எஞ்சின் சூட்டிலேயே ஆவியாகிப்போனதால்தான் தரையில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு முழம் ஹோஸ் வாங்கி மாற்றினோம், முடிந்தது.

எங்கள் டிரஸ்டில் ஆறு ஆம்புலன்ஸ். இரண்டு பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) டீசல் வேன், மூன்று பழைய காமன்ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ஹைபிரஷர் குழாயில் இருந்து டீசல் போகும்) டீசல் வேன், உள்ளூருக்கு ஒரு சின்ன பெட்ரோல் வேன். மேற்சொன்ன கூத்துக்குப் பிறகு கமிட்டியில் கேள்வி வந்தது: எல்லா வண்டியையும் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வருஷ ஒப்பந்தம் போட்டுவிடலாமா, வழக்கம்போல் பம்ப் கடையே போதுமா, அல்லது ஒரு நல்ல ஸ்கேனர் வாங்கி நம் ஷெட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா? டிஷ்யூ ரோல் ஜெயித்த சூட்டில் நான் ஷெட் பக்கம்தான் சாய்ந்தேன். அடுத்த மாதமே ஷெட் தோற்றது. அதையும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. எங்கே விடுவது என்று யோசிப்பதற்கு முன்னால், என்ன வாடை என்று தெரிய வேண்டும். "டீசல் வாடை" என்று டிரைவர் எழுதிவைப்பது எப்போதும் டீசலாக இருப்பதில்லை. ஆம்புலன்ஸுக்குள் ஸ்பிரிட் வாடை நிரந்தரமாக இருக்கும். அதோடு கலந்து வரும் எதுவும் மூக்கை ஏமாற்றும். அழுகிய முட்டை வாடை என்றால் எரிபொருளே இல்லை, இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் இரண்டாவது பேட்டரி ஓவர்சார்ஜ் ஆகிக் கொதிக்கிறது. இனிப்பாக அடித்தால் கூலன்ட். மூத்திர வாடை வந்தால் நோயாளியைச் சந்தேகப்படுவதற்கு முன், பிஎஸ்-6 வண்டியாக இருந்தால் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாக் கரைசல் டாங்கைப் பாருங்கள்.

டீசல்தான் என்றால் அது பச்சை டீசலா, எரிந்த புகையா? இந்த ஒரு வித்தியாசம் பாதி வேலையை முடித்துவிடும். பச்சை டீசல் என்றால் ஹோஸ், பில்டர், டாங்க் என்று கசிவைத் தேட வேண்டும். எரிந்த புகை என்றால் மானிஃபோல்டு, சைலன்சர் இணைப்பு, இல்லையென்றால் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் காப்பர் வாஷர். வாஷர் போனால் எரிந்த வாயு இன்ஜெக்டர் ஓரமாக மேலே வரும். ஐடிலில் 'சுஸ் சுஸ்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். விட்டுவைத்தால் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கருப்பாகக் கெட்டிப்பட்டு, பிறகு கழற்றவே முடியாமல் போகும்.

எப்போது அடிக்கிறது என்பதும் முக்கியம். ஃபுல் டாங்க் போட்ட அன்று மட்டும் அடித்தால் டாங்க் மேலே உள்ள மிதவையின் கேஸ்கெட்டையோ, டீசல் ஊற்றும் வாயில் இருந்து டாங்குக்குப் போகும் ஹோஸையோ பாருங்கள். ஆம்புலன்ஸை எப்போதும் ஃபுல் டாங்கில் வைத்திருப்பதால் இது நமக்கு அடிக்கடி வரும். சர்வீஸ் முடிந்து வந்த அன்றே ஆரம்பித்தால் டீசல் பில்டரின் ஓ-ரிங். பழைய ரிங் மேலேயே ஒட்டியிருக்க, அதோடு புதியதையும் போட்டு முறுக்கியிருப்பார்கள். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, ஆனால் வாடையே இல்லை என்றால் எதிர்ப்பக்கம் யோசிக்க வேண்டும். டாங்கில் இருந்து பம்ப் உறிஞ்சும் லைனில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். அந்த லைனில் ஒரு சாண் கண்ணாடி ஹோஸைச் சேர்த்துப் பாருங்கள், குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

நோயாளி இருக்கும் பகுதியில் மட்டும் புகை வாடை என்றால் எஞ்சினில் கோளாறே இல்லாமலும் இருக்கலாம். ஓடும் வேனின் பின்பக்கம் காற்றழுத்தம் குறையும். பின்கதவு ஓரத்து ரப்பர் பீடிங் கிழிந்திருந்தால் சைலன்சர் புகையை வண்டி தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். கூரையில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் அதற்கு ஒத்தாசை. இதை வெறும் வாடைதானே என்று விடக்கூடாது. புகையோடு கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் வரும், அதற்கு வாடை கிடையாது. விரலில் மாட்டும் சாதாரண பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. 98 என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நர்ஸுக்கும் டிரைவருக்கும் சேர்ந்தாற்போல் தலைவலி என்றால் அதையும் டிரிப் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.

வண்டியை உடனே நிறுத்த வேண்டியது எப்போது? பெட்ரோல் அல்லது கேஸ் வண்டியில் வாடை வந்தாலே நிறுத்தம்தான், பேச்சுக்கே இடமில்லை. பெட்ரோல் உறைபனியிலும்கூடப் பற்றக்கூடிய ஆவியை விடும் சாமான். அமெரிக்காவில் 1980-களில் ஃபோர்டு இ-350 பெட்ரோல் ஆம்புலன்ஸ்களில் சூட்டால் டாங்கில் அழுத்தம் ஏறி, பெட்ரோல் பீறிட்டுத் தீப்பிடித்த சம்பவங்கள் நடந்தன. 1987-இல் அவற்றைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. நம் ஊர்ச் சின்ன வேன்களில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது, பின்னால் ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிறது. யோசித்துக்கொள்ளுங்கள்.

டீசல் அவ்வளவு சீக்கிரம் பற்றாது என்பது உண்மைதான். ஆனால் ஏறத்தாழ 210 டிகிரி சூட்டில் தீக்குச்சியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். மேடு ஏறி வந்த வண்டியின் டர்போ ஓடு அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டியிருக்கும். எனவே எங்கள் விதி: சொட்டினாலோ, புகைமூட்டம் மாதிரி தெறித்தாலோ, ஈரம் டர்போ, சைலன்சர் பக்கம் இருந்தாலோ, இருக்கிற இடத்திலேயே நிறுத்தி மாற்று வண்டி. காய்ந்த கறையும் லேசான வாடையும் மட்டும் என்றால், ஏற்றிய நோயாளியை இறக்கிவிட்டு நேராக ஷெட். அடுத்த கேஸ் எடுக்கக்கூடாது. இன்னொன்று, டீசல் கையோடு ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு தானாகவே தீப்பிடிக்கும். பானெட்டைத் திறந்து பார்த்த டிரைவரே போய் சிலிண்டரைத் திறக்கிற பழக்கம் எங்களிடமும் இருந்தது.

சரி, இப்போது எங்கே விடுவது.

கம்பெனி ஒர்க்‌ஷாப்பின் பலம் அவர்களுடைய ஸ்கேனர், அதன் பின்னால் உள்ள மென்பொருள், வாரண்டி. பலவீனம், வாடைக்கு எரர் கோடு கிடையாது என்பது. காமன்ரயில் குழாயில் பிரஷர் குறைந்தால் சென்சார் சொல்லும். ஒரு ரிட்டன் ஹோஸ் வியர்ப்பதைச் சொல்ல எந்தச் சென்சாரும் இல்லை. அங்கே வேலை செய்கிற பையனுக்கு ஜாப் கார்டில் எழுதியிருப்பதை முடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போக வேண்டும். டிஷ்யூ சுற்றிக் கால் மணி நேரம் உட்கார அவனுக்கு நேரம் தருவதில்லை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் எங்கள் ஷெட் தோற்றது இவர்களிடம்தான்.

பிஎஸ்-6 வேன் ஒன்றில் பிக்கப் குறைந்தது, மஞ்சள் விளக்கு எரிந்தது, டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் மேல்கோட்டுக்கும் ஒரு விரல்கடை மேலே நின்றது. முகர்ந்தால் டீசல். எங்கள் மெக்கானிக் இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்றார். நானும் தலையாட்டினேன். இரண்டு பேரும் தப்பு. பிஎஸ்-6 வண்டியின் சைலன்சர் லைனில் கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி உண்டு, டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை எரிக்க வண்டி அவ்வப்போது கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சிப் புகையைச் சூடாக்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது இது யாருக்கும் தெரியாமல் நடந்து முடியும். ஆம்புலன்ஸ் அப்படியா ஓடுகிறது? நாலு கிலோமீட்டர் ஓட்டம், அப்புறம் ஆஸ்பத்திரி வாசலில் ஏசிக்காக அரை மணி நேரம் ஐடில், மறுபடி நாலு கிலோமீட்டர். எரிக்க ஆரம்பிக்கும், பாதியில் சாவியைத் திருப்பிவிடுவோம். ஒவ்வொரு முறையும் எரியாத டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயில் சம்பில் இறங்கும். ஆயில் நீர்த்துப் பேரிங்கைத் தின்னும். மட்டம் ரொம்ப ஏறினால் எஞ்சின் அந்த ஆயிலையே பிரீதர் வழியாக உறிஞ்சி எரித்து, சாவியை எடுத்த பிறகும் அலறிக்கொண்டு ஓடும் அபாயமும் உண்டு.

கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வழியாகக் கட்டாயமாகக் கரியை எரிக்கவைத்து, ஆயில் மாற்றி, ஒரே பகலில் கொடுத்தார்கள். நாங்கள் இன்ஜெக்டரைக் கழற்றியிருந்தால் பணமும் போய், நோயும் அப்படியே இருந்திருக்கும். இது நம் ஊருக்கு மட்டும் உள்ள தொல்லையும் இல்லை. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் இந்தப் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களால் அவசரத்தில் சக்தி இழக்கக்கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2012-இலேயே தனி விலக்கு விதி கொண்டுவந்தது. நம் கையில் இருப்பது, விளக்கு எரிந்ததும் வண்டியை நாற்கரச் சாலையில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டிவிடுவது. டிபிஎஃபைக் குடைந்து வெறும் குழாயாக்கித் தருகிறோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சட்டவிரோதம் என்பது ஒருபுறம். அந்தக் கரி முழுக்கக் கிழிந்த பீடிங் வழியாக நோயாளியின் மூக்குக்குத்தான் வரும்.

பம்ப் கடைக்கு வருவோம். இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சில் மாட்டி, பீய்ச்சும் அளவையும் ரிட்டனையும் அளந்து சொல்ல இவர்களை விட்டால் ஆள் இல்லை. மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் இவர்கள் கைக்கு இணையே கிடையாது. அந்த வண்டிகளில் ஸ்கேனர் மாட்ட இடமே இருக்காது. ஆனால் வண்டியையே அங்கே கொண்டுபோய் "என்னன்னு பாருங்க" என்று விட்டால் அவர் கண்ணுக்கு எல்லாம் இன்ஜெக்டர் கோளாறாகத்தான் தெரியும். அவர் தொழில் அது. ஆகவே போவதற்கு முன் ஷெட்டிலேயே ஒரு சோதனை செய்துகொள்கிறோம். நாலு இன்ஜெக்டரின் ரிட்டனையும் தனித்தனியாகப் பிரித்து, நாலு ஒரே அளவுப் பாட்டிலில் விட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். எங்கள் பழைய வேன் ஒன்றில் மூன்று பாட்டிலில் கட்டைவிரல் உயரம், ஒன்றில் பாதிப் பாட்டில். அந்த ஒன்றை மட்டும் பம்ப் கடைக்குக் கொண்டுபோனோம். நாலுக்குப் பதில் ஒன்றுக்கு மட்டும் பில்.

இன்ஜெக்டரைப் புதிதாக மாற்றினால் அதன் தலையில் பொறித்திருக்கும் எண்ணை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றாமல் விட்டால் சில வண்டிகள் ஐடிலில் குலுங்கும், புகைக்கும். "புது இன்ஜெக்டர் போட்டும் சரியாகலையே" என்று புலம்பும் பாதிப் பேருக்கு இதுதான் கதை என்பது என் ஊகம். பம்ப் கடையில் அந்த வசதி உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

இனி நம் ஷெட். இதன் பெரிய லாபம் பணம் இல்லை, நேரம். ஆறு வண்டியில் ஒன்று இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றால், அந்த இரண்டு நாளில் எத்தனை போனுக்கு "வண்டி இல்லை, 108-ஐக் கூப்பிடுங்க" என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதை டெஸ்க்கில் உட்கார்ந்தவர்களிடம் கேளுங்கள். ஷெட்டில் கசிவு தேடுவது ஒரு காலை வேலை. இரவு பத்து மணிக்குக்கூடச் செய்யலாம். வாடை வந்த வண்டியின் டிரைவர் பக்கத்திலேயே நிற்பான், எந்த மேட்டில், எத்தனை ஸ்பீடில் என்று சொல்வான். ஒர்க்‌ஷாப் வாசலில் அவனை உள்ளே விட மாட்டார்கள்.

ஆபத்தும் இங்கேதான் அதிகம். காமன்ரயில் வண்டியில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே 1600 பார், சில வண்டிகளில் அதற்கும் மேலே அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். எஞ்சின் ஓடும்போது ஹைபிரஷர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. அறுவை சிகிச்சைக்குத் தாமதமானால் விரலே போகும். பழைய வண்டிகளில் நட்டைத் தளர்த்தி ஒவ்வொரு சிலிண்டராக மிஸ்ஸிங் பார்த்துப் பழகிய கைகளுக்கு இதைப் புரியவைப்பது லேசில்லை. எங்கள் மெக்கானிக் முப்பது வருஷம் அப்படித்தான் பார்த்தவர். இப்போது அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கிறார், முணுமுணுத்துக்கொண்டே. டிஷ்யூ சுற்றுவதும் ரிட்டன், பில்டர் பக்கம் மட்டும். ஹைபிரஷர் பைப்பில் எஞ்சின் நின்று அழுத்தம் இறங்கிய பிறகு துடைத்துப் பார்ப்பதோடு சரி.

ஸ்கேனர் வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வாங்கலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள். போனோடு புளூடூத்தில் சேரும் சின்ன டாங்கிள் கோடு படிக்கும், சில லைவ் டேட்டா காட்டும், அவ்வளவுதான். டிபிஎஃபை எரிக்கவைப்பது, இன்ஜெக்டர் எண் ஏற்றுவது இரண்டும் வேண்டுமென்றால் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவி தேவை. அதுவும் உங்கள் வண்டி மாடலுக்கு அந்த இரண்டு வேலையும் செய்யுமா என்று கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பட்டியலில் வண்டிப் பெயர் இருப்பது போதாது.

கோடு வந்தால் அதை அப்படியே நம்பிப் பொருள் மாற்றுவது இன்னொரு வலை. பி0087 என்றால் காமன்ரயில் குழாயில் பிரஷர் போதவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அடைத்த பில்டர், காற்று இழுக்கும் லைன், ரிட்டன் அதிகமான இன்ஜெக்டர், தேய்ந்த பம்ப், எதனால் வேண்டுமானாலும் வரலாம். விலைப்படி பார்த்தால் பில்டர் முதலில், பம்ப் கடைசியில். நாங்கள் ஒருமுறை தலைகீழாகப் போனோம். பம்ப் இறங்கி ஏறிய பிறகுதான், பில்டர் கிண்ணத்தில் டம்ளர் அளவு தண்ணீர் இருந்ததைப் பார்த்தோம். மழைக்காலத்தில் அந்த வடிகால் திருகைத் திறந்துவிட ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கமிட்டியில் நான் சொன்னதும், அவர்கள் ஒத்துக்கொண்டதும் இது. பிஎஸ்-6 வண்டி இரண்டுக்கும் கம்பெனியில் வருஷ ஒப்பந்தம். வாரண்டி இருக்கும்வரை டீசல் லைனில் நாங்கள் ஸ்பேனர் வைக்க மாட்டோம். ஆனால் பச்சை டீசல் வாடை என்றால் இடத்தைக் கண்டுபிடித்து, படம் எடுத்து, ஜாப் கார்டில் "மூன்றாவது இன்ஜெக்டர் ரிட்டன் வளைவில் கசிவு" என்பதுபோல் எழுதிக் கொடுத்துவிடுவோம். "டீசல் வாடை" என்று மட்டும் எழுதினால் கழுவித்தான் கொடுப்பார்கள். பழைய வேன் மூன்றும் ஷெட்டில். பாட்டில் சோதனையில் தேறாத இன்ஜெக்டர் மட்டும் பம்ப் கடைக்கு. டாங்கிள் ஒன்று வாங்கியாயிற்று. பெரிய ஸ்கேனர் இந்த வருஷம் இல்லை. இரண்டு பிஎஸ்-6 வண்டிக்காக அந்த விலை கொடுப்பதைவிட, மூன்று பழைய வேனின் ரப்பர் ஹோஸ் அத்தனையையும் வாடை வருவதற்கு முன்பே ஒரே அடியாக மாற்றிவிடலாம் என்று பொருளாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதில் ஒரு வேன் முடிந்தது.

பெட்ரோல் வேனைப் பற்றித்தான் கமிட்டியில் இன்னும் இழுபறி. அதை விற்றுவிட வேண்டும் என்பது என் கட்சி. சந்துக்குள் நுழைய வேறு வண்டி இல்லை என்பது டிரைவர்கள் கட்சி. அதுவரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் சீட்டைத் தூக்கி, பெட்ரோல் ஹோஸை நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.